சட்டைக்கு வெளியே ஒரு கறுப்பு நூல்

இன்று பின்னேரம் மழை வந்துவிட்டது. சித்திரை முழுவதும் கொதித்துக் கிடந்த தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்து, அந்தச் சூட்டு வாசனை குசினிக்குள் வந்ததும், அடுப்பில் இருந்த பருப்பை இறக்கி வைத்துவிட்டுக் கதிரையை அலுமாரிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். நீங்கள் வருஷாவருஷம் செய்ததைத்தான் செய்தேன். அலுமாரிக்கு மேலே இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன்.

திறந்ததும் பூச்சி உருண்டை மணம். அதற்கு அடியில் கம்பளி மணம். நனைந்த ஆட்டுக்குட்டி மணம் என்று எங்கள் மகள் சின்னதில் சொல்வாள்; அதுவரை அவள் ஆட்டுக்குட்டியைக் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக நான் வைத்த இடத்திலேயே, கறுப்பு நூலும் அதில் கோத்த நீலப் பேனா மூடியும் கிடந்தன.

நீங்கள் போன பிறகு மழை வந்தது, போனது, மறுபடி வந்தது. நான் பெட்டியைத் தொடவில்லை. இந்த முறை தொட்டேன். அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை, உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

வெயில் காலத்தில் நீங்கள் ஊசியைத் தொட மாட்டீர்கள். "வேர்த்த கையில கம்பளி ஒட்டும், கண்ணி இழுபடும்" என்பீர்கள். மாசி பிறந்தால் பெட்டி மேலே போகும். முதல் இடிமழை பெய்கிற அன்று, கந்தோரில் வேலை முடிந்து வந்து முகம் கழுவ முன்னமே அது கீழே இறங்கும். மற்ற வீடுகளில் வெயில் முடிந்தால் குடையைத் தேடுவார்கள், கூரை ஒழுக்குக்குச் சட்டி வைப்பார்கள். எங்கள் வீட்டில் ஒழுக்குக்குச் சட்டி வைப்பது என் வேலை. நீங்கள் மகளை முன்னால் நிறுத்தி முதுகை அளந்துகொண்டிருப்பீர்கள்.

"கை காலை ஆட்டாதை பிள்ளை. ஆட்டினால் குரங்குக்குத்தான் பொருந்தும்."

"குரங்குக்கும் ஒண்டு பின்னுங்கோ அப்பா."

"அதுக்கு நாலு கை பின்ன வேணும். கட்டுபடியாகாது."

கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில், மடவளைக்குப் போகிற வீதியில், ஹாஜியார் வீட்டின் பாதியை நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த காலம் அது. நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். ஹாஜியாரின் மனைவியை நான் ராத்தா என்று கூப்பிடப் பழகியிருந்தேன். அவர்கள் வழக்கில் அது அக்கா. அந்த வீட்டார்தான் உங்கள் பின்னலுக்கு முதல் ரசிகர்களும் முதல் எதிரிகளும். ஹாஜியார் கடையைப் பூட்டிவிட்டு வரும்போது, முன்வாசலில் நீங்கள் கம்பளி உருண்டையோடு இருப்பதைக் கண்டால் சும்மா போக மாட்டார்.

"ஐயா, ஒங்கட பொஞ்சாதி பேப்பர் வாசிக்கிறா, நீங்க ஸ்வெட்டர் பின்றீங்க. ஒலகம் அழியிற கியாமத்து நாள் கிட்ட வந்திட்டுது போல."

"ஓம் ஹாஜியார். அண்டைக்குக் குளிரும் எண்டு சொல்லினம். உங்களுக்கும் ஒண்டு பின்னட்டோ?"

"பின்னுங்க பின்னுங்க. வயிறு பெருசு, நூல் கூட வாங்கோணும்."

கந்தோரிலும் உங்களைப் பற்றிச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் மேசையில் வைத்துப் பின்னுகிற ஆம்பிளையைக் கண்டு சிரிக்காமல் இருக்க எங்கள் ஆட்களுக்கு வராது. கலியாணம் பேசி வந்தபோது என் பெரியம்மா கேட்ட முதல் கேள்வியே, "பெடியனுக்கு அந்தப் பழக்கம் இருக்காம், உண்மையோ?" என்பதுதான். குடியைப் பற்றித்தான் கேட்கிறா என்று நான் நினைத்தேன்.

நீங்கள் யாரிடமும் பழகவில்லை. முதல் உத்தியோகம் நுவரெலியாவில் கிடைத்துப் போனபோது, உங்களிடம் இருந்தவை யாழ்ப்பாண வெயிலுக்குத் தைத்த அரைக்கைச் சட்டைகள். நடைபாதையில் குவித்து விற்ற பழைய ஸ்வெட்டர்களில் ஒன்றை வாங்கினீர்கள். அதில் ஒரு முழங்கை கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூல் முனையை இழுத்தீர்கள். அது வந்துகொண்டே இருந்தது. ஒரு சனி ஞாயிறு முழுக்க அறைக்குள் இருந்து, ஒவ்வொரு வரியும் எப்படிக் கழன்று வருகிறது என்று பார்த்தபடியே ஒரு முழுக் கையையும் பிரித்து முடித்தீர்கள். பிறகு உடைந்த குடையின் கம்பிகளைச் சீமெந்தில் தேய்த்து ஊசியாக்கி, பிரித்து வந்த வழியே திரும்பிப் போனீர்கள்.

"பிரிச்சுப் பாத்தால்தான் ஒண்டு எப்பிடிச் செய்யப்பட்டதெண்டு விளங்கும்." இதை நீங்கள் வானொலிக்கும் சொல்வீர்கள், பழுதான குழாய்க்கும் சொல்வீர்கள். வானொலி அதற்குப் பிறகு பாடவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த முதல் ஸ்வெட்டர், எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் நீங்கள் தங்கியிருந்த வீட்டோடு எரிந்து போயிற்று. உடுத்த உடுப்போடு அகதி முகாமில் இருந்து, கப்பலில் ஊருக்குப் போய், பிறகு மாற்றம் கிடைத்துக் கண்டிக்கு வந்தீர்கள். ஊரில் எல்லோரும் திரும்பிப் போகாதே என்றார்களாம். அந்தக் கதையை என்னிடம் ஒரே ஒரு தரம்தான் சொன்னீர்கள். சொல்லி முடித்ததும் விரல்களை விரித்துக் காட்டினீர்கள். "ஸ்வெட்டர்தானே எரிஞ்சது. கை எரியேல்லையே. குடைக்கோ பஞ்சம்?"

அந்தக் கறுப்பு நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் கடுதாசியில் கணக்கு எழுதிப் பின்னுகிற ஆள் இல்லை. முறுக்கிய கறுப்பு நூல் ஒன்றில், இத்தனை வரிக்கு ஒன்று என்று வெள்ளைக் கம்பளியால் முடிச்சுப் போடுவீர்கள். கண்ணி குறைக்கிற இடம் வந்தால் சிவப்பு முடிச்சு. ஒரு கை பின்னி முடிந்த பிறகு, மற்றக் கையை அந்த நூலைத் தடவித் தடவியே பின்னலாம். இரண்டும் மயிரிழை பிசகாது. நூலின் நுனியில் ஒரு பேனா மூடி. பின்னலைக் கீழே வைக்கும்போது கண்ணிகள் நழுவாமல் இருக்க ஊசி முனையில் மாட்டுவது அது. எங்கள் மகள் நாலு வயதில் அந்த மூடியை எங்கே கண்டாலும் எடுத்துச் சப்புவாள். அவளுக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று நீங்கள் நூலைக் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளத் தொடங்கினீர்கள்.

அந்த வருஷங்களில், கழுத்தில் கறுப்பு நூல், நுனியில் சின்னக் குழாய், மேலே பூட்டிய சட்டை, அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்துப் பிறப்பிடம். சயனைட் குப்பியைப் புலிகள் எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் அது தோன்றவே இல்லை. வீட்டில் எந்நேரமும் காண்கிற சாமான் வெளியில் எப்படித் தெரியும் என்று யார் யோசிக்கிறார்கள்? எனக்கு அது மகள் சப்புகிற பேனா மூடி, அவ்வளவுதான்.

அன்றைக்குச் சனிக்கிழமை. மழை தொடங்கி இரண்டாம் கிழமை. மகளின் ஸ்வெட்டருக்கு முதுகும் முன்பக்கமும் முடிந்து, ஒரு கை முடிந்து, மற்றக் கை ஊசியில் இருந்தது. டவுனுக்குப் போய்ப் பொத்தான் வாங்கலாம் என்று மூன்று பேரும் வெளிக்கிட்டோம். பஸ் பிந்தும் என்று சொல்லி, கதவைப் பூட்டுகிற வரைக்கும் நீங்கள் பின்னிக்கொண்டிருந்தீர்கள். ஊசியைப் பெட்டியில் வைத்தீர்கள். நூலைக் கழற்ற மறந்தீர்கள்.

கொழும்பில் எங்கோ குண்டு வெடித்திருந்த கிழமை. பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. உங்கள் அட்டையைப் பார்த்த சிப்பாய் உங்களை ஒரு பக்கம் நிற்கச் சொன்னான். அது வழக்கம்தான். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றச் சொன்னான். அதுவும் வழக்கம்தான். நீங்கள் கழற்றினீர்கள்.

அவன் ஒரு அடி பின்னால் துள்ளியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அடுத்த கணம் இரண்டு பேர் துவக்கை நீட்டினார்கள். மூன்றாவது ஆள் பின்னால் வந்து, நீங்கள் எதையும் கடித்துவிடாதபடி தாடையை இறுக்கிப் பிடித்துத் தலையைப் பின்னால் இழுத்தான். நூல் அறுந்து அவன் கையோடு போனது. உங்களால் பேச முடியவில்லை. கைகளை மேலே தூக்கச் சொன்னார்கள், தூக்கினீர்கள். தூக்கிய கைகளால் நீங்கள் செய்தது என்ன தெரியுமா? பின்னிக் காட்டினீர்கள். வானத்தைப் பார்த்தபடி, வெறுங்கையில் ஊசி இல்லாமல், வலது விரல் நூலைச் சுற்ற, இடது விரல் கண்ணியைத் தள்ள. அதைக் கண்டு அவர்கள் இன்னும் பயந்தார்கள்.

நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். பேனா மூடி, பேனா மூடி, ஸ்வெட்டர் பின்னுகிறவர். மகள் என் இடுப்பில் இருந்து, "அது என்ர மூடி" என்று அழுதாள். வரிசையில் நின்ற ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உங்களை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது திரும்பி, தாடை நோகப் பேசினீர்கள்.

"நீர் பயப்பிடாதையும். கம்பியைக் கொண்டு வாரும்."

பிடிபட்டவரை எந்த ஜீப்பில் எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கண்ணால் பார்க்காமல் விடக் கூடாது என்பது அந்நாளில் எங்கள் வீடுகளில் எழுதாத சட்டம். பின்னால் போகாமல் விட்டுக் காணாமல் போனவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் உங்கள் கம்பி வீட்டில் இருந்தது. அது இல்லாமல் நீங்கள் சொல்வதை யார் நம்புவது? மகளைத் தூக்கிக்கொண்டு மடவளை வீதியில் ஓடினேன். ராத்தா முற்றத்தில் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சுளகைக் கீழே வைத்து, சாப்பாட்டுக்கு வந்திருந்த ஹாஜியாரையும் கூப்பிட்டார். சொன்னேன்.

"அல்லாஹ். ஹாஜியார், கடையச் சாத்துங்க. நீங்க முன்னுக்குப் போங்க. பொலிஸ் வாசல்ல நில்லுங்க, எங்கயும் அசைய வாணா. ஐயாவ வேற எடத்துக்குக் கொண்டு போனா ஜீப்பு நம்பர மனசுல போடுங்க." பிறகு என்னிடம், "தங்கச்சி, ஒங்கட மாப்புளட பின்னலக் கொண்டாங்க."

பையில் போடப் போனேன். ராத்தா பையைப் பிடுங்கினார். தன் வீட்டு எனாமல் தட்டை எடுத்து வந்தார், கலியாண வீடுகளுக்குப் பலகாரம் அனுப்புகிற பெரிய தட்டு. அதில் முதுகை விரித்து, முன்பக்கத்தை வைத்து, முடிந்த கையை வைத்து, ஊசியோடு இருந்த மற்றக் கையை நடுவில் வைத்தார். முக்காட்டை இழுத்துவிட்டுத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தினார்.

"இப்ப நடங்க."

பாலத்தில் அதே சிப்பாய்கள். நாங்கள் தட்டோடு வருவதைக் கண்டு ஒருவன் துவக்கைத் தாழ்த்தினான், பிறகு உயர்த்தினான்; அவனுக்கே எது சரி என்று தெரியவில்லை. குடைக் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தான். ராத்தா சந்தையில் பேசுகிற சிங்களத்தில், "புள்ளட சட்டை. கை ஒண்டு பாக்கி. கைய முடிக்கிற ஆள நீங்க கொண்டு போயிட்டீங்க" என்று சொன்னார். அவன் கம்பியைத் தட்டில் திருப்பி வைத்தான்.

பொலிஸ் நிலையத்து வாசலில் ஹாஜியார் சொன்னபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தார், தொப்பி நனைந்து போய். நீங்கள் உள்ளேதான் இருந்தீர்கள். பின்னேரம் வரைக்கும் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். மகள் தட்டுக்குப் பக்கத்தில் நித்திரையாகிவிட்டாள். ராத்தாவின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. நானும் எனக்குத் தெரிந்த தேவாரங்களைச் சொன்னேன். ஒன்றின் பாதி இன்னொன்றோடு போய் ஒட்டியது.

கூப்பிட்டார்கள். பொறுப்பதிகாரி மூக்குக் கண்ணாடி போட்ட, உடம்பு பெருத்த மனிதர். மேசையில் ஒரு வெள்ளைத் தாளின் மேல் உங்கள் நூலை நீட்டி வைத்திருந்தார். நீங்கள் சுவரோரம் நின்றீர்கள். சட்டையில் பாதிப் பொத்தான்கள் இல்லை. தாடையின் இரு பக்கமும் விரல் அடையாளம். என்னைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தீர்கள். கண்ணி ஏதும் நழுவியிருக்கிறதா என்று பார்க்கிறீர்கள் என்பது எனக்கு உடனே தெரிந்தது. அந்த நிமிஷத்தில் உங்களை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

"ஆம்பிளை பின்னுவானா? நான் இத்தனை வருஷ சேவையில் கண்டதில்லை" என்றார் பொறுப்பதிகாரி, சிங்களத்தில்.

நீங்கள் மேசைக்கு வந்து, அனுமதி கேட்டு, பேனா மூடியை எடுத்துக் கம்பி முனையில் மாட்டினீர்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் தானும் ஒரு தரம் கழற்றி மாட்டிப் பார்த்தார். பிறகு, "பின்னு" என்றார்.

ஊசியை எடுப்பீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் கைகளை விரித்துக் காட்டி, "கை வேர்க்குது சேர். ஒரு துவாய் வேணும்" என்றீர்கள்.

ஒரு கான்ஸ்டபிள் போய் ஒரு துணி கொண்டு வந்தார். நீங்கள் விரல் விரலாகத் துடைத்தீர்கள். கதிரை கேட்கவில்லை; நின்றபடியே கம்பளியைச் சுட்டு விரலில் சுற்றிப் பின்னத் தொடங்கினீர்கள். கம்பியும் கம்பியும் உரசுகிற சத்தம், வீட்டில் சமைக்கும்போது எனக்குப் பின்னால் கேட்கிற அதே சத்தம், பொலிஸ் நிலையத்தில் கேட்டது. வாசலில் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு வரி முடிந்ததும் நீங்கள் திரும்பி அடுத்த வரியைத் தொடங்கினீர்கள். யாரும் போதும் என்று சொல்லவில்லை, நீங்களும் நிறுத்தவில்லை.

பொறுப்பதிகாரி சிவப்பு முடிச்சைப் பென்சிலால் தொட்டு இது எதற்கு என்று கேட்டார். முடிந்த கையைத் தட்டில் இருந்து எடுத்து, அது தோளுக்குக் குறுகுகிற இடத்தைக் காட்டினீர்கள். நூலைக் கையின் மேல் வைத்து முடிச்சு முடிச்சாக விரலை நகர்த்தினீர்கள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகளை எழுப்பி முன்னால் நிறுத்தச் சொன்னார். முதுகுத் துண்டை எடுத்து அவளுடைய முதுகில் தானே பிடித்துப் பார்த்தார்.

"கொஞ்சம் பெரிசு."

"அடுத்த வருஷமும் போட வேணும் சேர்."

வாசலில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். பொறுப்பதிகாரி சிரிக்கவில்லை. வாக்குமூலம் எழுதி, ஒப்பம் வாங்கி, அடையாள அட்டையைத் தந்து, போகலாம் என்றார். ராத்தா தட்டைத் தூக்கிவிட்டார். நான் மகளைத் தூக்கிவிட்டேன். ஹாஜியார் வாசலைத் தாண்டிவிட்டார். நீங்கள் நின்ற இடத்திலேயே நின்றீர்கள்.

"நூலையும் தாங்கோ சேர்."

உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். "வேற நூல் கட்டலாம், வாங்கோ" என்றேன். பொறுப்பதிகாரியும் அதைத்தான் சொன்னார், வேறு கட்டிக்கொள் என்று.

"வேற நூலில இந்த முடிச்சு இல்லை சேர். இது இல்லாட்டி, பிள்ளையின்ர ஒரு கை நீளம், மற்றக் கை கட்டை."

அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். வீறாப்புப் பார்வை இல்லை அது. கடையில் மிச்சச் சாமானுக்கு நிற்கிறவர் மாதிரிப் பொறுமையாக நின்றீர்கள். என் உயிர் அந்த மேசையில் கிடந்தது. அவர் நூலைச் சுருட்டி உங்கள் கையில் வைத்து, விரலை நீட்டி, "இனிமேல் சட்டைக்குள் இதைப் போடாதே" என்றார்.

"ஓம் சேர்."

திரும்பி வரும்போது பாலத்துக்குக் கிட்ட வந்ததும், அறுந்த இடத்தை முடிந்து நூலைக் கழுத்தில் மாட்டினீர்கள். பொத்தான் இல்லாத சட்டைக்கு வெளியே, நடு நெஞ்சில், நீலப் பேனா மூடி.

"உங்களுக்கென்ன விசரோ?" வீதியில் நான் உங்களிடம் குரல் உயர்த்தியது அன்று ஒரு நாள்தான்.

"அவர் சட்டைக்குள்ள போடாதை எண்டுதானே சொன்னவர்?" என்றீர்கள். ஹாஜியார் "யா அல்லாஹ்" என்று வானத்தைப் பார்த்தார். பிறகு நீங்கள் சிரிப்பில்லாமல் சொன்னீர்கள், "இஞ்சேரும், ஒளிச்சுக் கிடந்ததாலதான் அது குப்பியாத் தெரிஞ்சது. வெளியில கிடந்தா அது பேனா மூடி. நான் பின்னுற ஆள். அதை ஏன் நான் சட்டைக்குள்ள வைச்சிருக்க வேணும்?"

அதே சிப்பாய் நின்றான். நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக வர, ராத்தா தட்டோடு முன்னால் நடக்க, அவன் உங்கள் நெஞ்சைப் பார்த்தான். விரலை நீட்டி மூடியை ஒரு தட்டுத் தட்டினான். அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. "யன்ன" என்றான், போ என்று. போனோம்.

அன்றைக்கு எனக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. பெருமை பிறகு வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக, நீங்கள் அந்த நூலோடு கந்தோருக்குப் போகப் போக. பஸ்ஸில் இருந்து பின்னினீர்கள். சோதனைக்கு இறங்கச் சொன்னால் வரியை முடித்து, மூடியை மாட்டி, பின்னலைக் கையில் பிடித்தபடியே இறங்கினீர்கள். நாங்களெல்லாம் பொட்டை அழித்துவிட்டுப் பஸ் ஏறிய காலம். வாய்க்குள் தமிழை மென்ற காலம். உங்களுடைய தமிழ் சத்தமானது அல்ல. ஆனால் நீங்கள் யார் என்பதை நெஞ்சுக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டு போனீர்கள். கந்தோரில் சிரித்தவர்கள் பிறகு பேரப்பிள்ளைகளின் அளவைக் கொண்டு வந்து தந்தார்கள். ஹாஜியாருக்கும் கடைசியில் ஒன்று பின்னினீர்கள். வயிற்றுக்கு நூல் கூடத்தான் போயிற்று.

உங்களுக்குப் பயமே இருக்கவில்லை என்று ஊர் சொல்லும். எனக்குத் தெரியும். மகளின் ஸ்வெட்டரில் அந்த இரண்டாவது கை இருக்கிறதே, பொலிஸ் நிலையத்தில் நின்று பின்னிய இடம், அதற்குப் பிறகு வீட்டில் பின்னிய கொஞ்ச இடம், அங்கே கண்ணிகள் எல்லாம் இறுகிக் கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் விரலுக்குத் தெரியும், ஆறிய காயம் மாதிரி. மேலே போகப் போக இளகி, பழையபடி உங்கள் கை வந்துவிடுகிறது.

அப்போதே கேட்டேன். "இந்த இடத்தைப் பிரிச்சுத் திருப்பிப் பின்னுங்கோவன். நீங்கள் பிரிக்கிறதுக்குப் பஞ்சி, அலுப்புப் பாக்காத ஆள்தானே."

நீங்கள் அந்த இடத்தை விரலால் நீவினீர்கள். "வேண்டாம். அண்டைக்கு அப்பிடித்தான் இருந்தது" என்றீர்கள்.

வானொலியையும் குழாயையும் பிரித்த மனிதர், அதை மட்டும் பிரிக்கவில்லை. நான் உங்களை எண்ணிப் பெருமைப்படுவது, துவாய் கேட்டதற்கோ நூலைக் கேட்டு வாங்கியதற்கோ மட்டும் அல்ல. அந்த இறுக்கத்தை அப்படியே விட்டு, அதற்கு மேலே பின்னிக்கொண்டு போனீர்களே, அதற்கு.

போர் முடிந்தது. பாலத்தடியில் இப்போது சோதனை இல்லை, இளநீர் விற்கிறார்கள். மகள் பேராதனையில் படிக்கிறாள், நான் படித்த அதே மண்டபங்களில். அதைப் பார்க்க நீங்கள் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையிலும் பின்னினீர்கள். எனக்கென்று தொடங்கிய ஸ்வெட்டர், சாம்பல் நிறம், "வயசுக்கேற்ற நிறம்" என்று என்னைச் சீண்டிக்கொண்டே வாங்கிய நூல். ஊசியை வைத்து, மூடியை மாட்டி, "வந்து பாப்பம்" என்றீர்கள். நெஞ்சு இரண்டு நாள்தான் பொறுத்தது. செத்த வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கியபோது, அந்தப் பின்னலை நான் அப்படியே பெட்டியில் வைத்து மூடினேன். ஊசி முனையில் மூடியும் அதோடு கட்டிய நூலும் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தன.

எனக்குப் பின்னத் தெரியாது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டுக்கு ஒரு பின்னுகிற ஆள் போதும் என்று நான்தான் சொல்லித் திரிந்தவள். ஆனால் கடந்த மாதம், வெயில் கொதிக்கும்போதே, நீங்கள் பின்னிய பழைய கழுத்துத் துணி ஒன்றை எடுத்து நூலின் நுனியை இழுத்தேன். வந்தது. ஒவ்வொரு கண்ணியும் எப்படிக் கழல்கிறது என்று பார்த்தேன். பிறகு திரும்பிப் போனேன். வேர்த்த கைதான், நீங்கள் சொன்னது சரி, ஒட்டியது.

இன்று மழை விட்டதும் முன்வாசலில் கதிரையைப் போட்டு இருந்தேன். சாம்பல் பின்னலை மடியில் வைத்து, நூலைத் தடவினேன். வெள்ளை, வெள்ளை, ஒரு சிவப்பு, அதற்குப் பிறகு ஒரு வெள்ளை. நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று தெரிந்தது. மூடியைக் கழற்றினேன். அங்கிருந்து தொடங்கினேன்.

என் வரிகள் இறுக்கமாகத்தான் வருகின்றன. உங்கள் கை முடிந்து என் கை தொடங்குகிற இடம், கண்ணை மூடித் தடவினால் யாருக்கும் தெரியும். மகள் ஞாயிற்றுக்கிழமை வரும்போது, "அம்மா, இதைப் பிரிச்சு வடிவாப் பின்னலாமே" என்பாள். அவளுக்கு உங்கள் பதிலைத்தான் சொல்வேன்.

பக்கத்து வளவிலேயே பிறகு நாங்கள் வீடு எடுத்ததால் ராத்தா இன்னும் அயல்தான்; இப்போது அவருக்குக் கண் மங்கல். இருந்தும் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார்.

"தங்கச்சி, கழுத்துல என்ன தொங்குது?"

"பேனா மூடி, ராத்தா."

அவர் மதிலில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். பிறகு, "கை ஒண்டு பாக்கியா?" என்று கேட்டார்.

"ரெண்டு கையும் பாக்கி."

நாளைக்குப் பொத்தான் வாங்கப் பஸ் ஏறுவேன். நூலைக் கழற்ற மாட்டேன். சேலைக்கு மேலேதான் கிடக்கும்.